விருந்தும் இல்லமும்: லித்தியம், சோடியம் மின்கலங்களின் மின்முனைப் பொருள்கள்

லித்தியம் அயனி மின்கலங்களிலும் சோடியம் அயனி மின்கலங்களிலும் மின்முனைகளாக அமையும் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியே இன்றைய சொற்பொழிவின் பொருள். தலைப்பில் இரண்டு தனிமங்களின் பெயர்கள் முன்னே நின்றாலும், அந்தத் தனிமங்களின் அயனிகளைத் தம்முள் ஏற்று, இடங்கொடுத்து, கேட்கும்போது குறைவின்றித் திருப்பி அனுப்பும் திண்மங்களே இவ்வுரையின் நாயகர்கள்.

கைப்பேசிக்குள் இருக்கும் மின்கலமும், மின்சார ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் இருக்கும் மின்கலமும், சூரிய மின் நிலையத்தின் அருகே பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருக்கும் மின்கலமும் அடிப்படையில் ஒரே அமைப்பை உடையவை. ஒரு புறம் நேர்முனை; மறு புறம் எதிர்முனை; இரண்டுக்கும் இடையே அயனிகளை மட்டும் கடத்தி எலக்ட்ரான்களைத் தடுக்கும் மின்பகுளி. மின்னேற்றம் செய்யும்போது நேர்முனைப் பொருளில் உள்ள கோபால்ட்டோ இரும்போ ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியே எதிர்முனைக்குச் செல்ல, மின்னூட்டச் சமநிலை கெடாதிருக்கும்பொருட்டு லித்தியம் அயனி ஒன்றும் திண்மத்தை விட்டு வெளியேறி, மின்பகுளி வழியே நீந்தி, அதே எதிர்முனையை அடைகிறது. மின்கலத்தைப் பயன்படுத்தும்போது இரண்டும் வந்த வழியே திரும்புகின்றன. திரும்பும் எலக்ட்ரான்களே விளக்கை எரிக்கின்றன, சக்கரத்தைச் சுழற்றுகின்றன.

திண்மத்தின் அணு அடுக்குகளுக்கு இடையே அயனி புகுந்து தங்கும் இந்த நிகழ்வுக்கு இடைச்செருகல் என்று பெயர். புகும் அயனியை விருந்தினர் என்றும், இடங்கொடுக்கும் திண்மத்தை விருந்தோம்புபவர் என்றும் வேதியியலார் உலகெங்கும் குறிக்கின்றனர். விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழியில் இந்தக் கலைச்சொற்களுக்கு உரை எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு இருக்க வேண்டிய தகுதிகளை மட்டும் கேட்டுப் பார்த்தால் போதும். ஒரு கிராம் பொருள் எத்தனை விருந்தினரை ஏற்கும்? இதன் அளவே கொள்ளளவு. கிராமுக்கு இத்தனை மில்லி ஆம்பியர்-மணி என்று அது சொல்லப்படுகிறது. விருந்தினர் எவ்வளவு விருப்பத்தோடு அங்கே தங்குவர்? அதன் அளவே மின்னழுத்தம். வாசல்கள் எவ்வளவு அகலம்? மின்னேற்றத்தின் வேகத்தை அது தீர்மானிக்கிறது. ஆயிரம் முறை வந்து போன பிறகும் சுவர் விரிசல் விடாமல் நிற்குமா? மின்கலத்தின் ஆயுள் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. வீடு தீப்பற்றாமல் இருக்குமா? மக்கள் உயிர் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

இத்தகைய வீடுகளைத் தேடிய வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. 1970களில் எக்ஸான் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டானியம் டைசல்பைடின் அடுக்குகளுக்கு இடையே லித்தியம் புகுந்து மீள முடியும் என்று காட்டினார். ஆயின் அவரது மின்கலத்தின் எதிர்முனை தூய லித்தியம் உலோகமாக இருந்ததால், மீண்டும் மீண்டும் மின்னேற்றும்போது உலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்ப்புறத்தைத் தொட்டுத் தீ விபத்துக்கு வழிவகுத்தது. 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் சல்பைடை விடுத்து லித்தியம் கோபால்ட் ஆக்சைடை எடுத்துக்கொண்டு, மின்னழுத்தத்தை 4 வோல்ட்டுக்கு உயர்த்தினர். ரஷீத் யஸாமி கிராஃபைட்டினுள் லித்தியம் மீளத்தக்க வகையில் நுழைவதை எடுத்துக்காட்டினார். ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-இல் உலோக லித்தியத்தை முற்றிலும் நீக்கி, பெட்ரோலியக் கரியை எதிர்முனையாகவும் குட்இனஃபின் ஆக்சைடை நேர்முனையாகவும் இணைத்தார். 1991-இல் சோனி நிறுவனம் அத்தகைய மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றபோது குட்இனஃபின் வயது 97. அதுவரை நோபல் பரிசு பெற்ற எவரும் அவ்வளவு மூத்தவராக இருந்ததில்லை.

முதுமையின் காரணமாகக் குட்இனஃப் ஆற்ற வேண்டிய நோபல் பேருரையை, ஸ்டாக்ஹோம் மேடையில் அவருக்காக ஆற்றியவர் யார்? தென்தமிழகத்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, மதுரையில் வேதியியல் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். குட்இனஃபின் நெடுநாளைய உடனாய்வாளர் என்பதனால் மட்டும் அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தத் துறையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று அவர்கள் இருவரின் கூட்டுழைப்பில் பிறந்தது. அந்தக் கருத்தைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க வேண்டும். ஏனெனில், ஒரு மின்முனைப் பொருளைத் தற்செயலாகக் கண்டெடுப்பதற்கும் அறிந்து வடிவமைப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அதில்தான் தெளிவாகிறது.

இரும்பு மலிவானது; எங்கும் கிடைப்பது; நஞ்சற்றது. ஆயினும் எளிய இரும்பு ஆக்சைடில் லித்தியத்தைச் செருகினால் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டைக்கூட எட்டுவதில்லை. இரும்பை வைத்துக்கொண்டே மின்னழுத்தத்தை உயர்த்த முடியுமா? மந்திரமும் குட்இனஃபும் 1987-லும் 1989-லும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு விடை தந்தன. ஆக்சிஜன் தனித்து நிற்காமல் மாலிப்டினத்தோடோ டங்ஸ்டனோடோ கந்தகத்தோடோ இறுகப் பிணைந்து, மாலிப்டேட், டங்ஸ்டேட், சல்பேட் என்னும் பல்லணு அயனிகளாக நிற்கும் இரும்புச் சேர்மங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரும்பு மாலிப்டேட்டும் இரும்பு டங்ஸ்டேட்டும் 3.0 வோல்ட் கொடுத்தன. அதே வகைக் கட்டமைப்பும் அதே இரும்பும் உடைய இரும்பு சல்பேட் 3.6 வோல்ட் கொடுத்தது.

அந்த 0.6 வோல்ட் எங்கிருந்து வந்தது? இரும்பு மாறவில்லை, லித்தியமும் மாறவில்லை, இரும்புக்கு அடுத்த வீட்டுக்காரராகிய ஆக்சிஜனுக்கும் அடுத்த வீட்டில் இருந்தவர் மட்டுமே மாறினார். கந்தகம் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் வலுவாக இழுப்பதால், இரும்போடு பங்கிட்டுக்கொள்ள ஆக்சிஜனிடம் மிஞ்சுவது குறைகிறது. இரும்பு–ஆக்சிஜன் பிணைப்பின் சகப்பிணைப்புத் தன்மை தளர்ந்து அயனித் தன்மை கூடுகிறது. அதன் விளைவாக இரும்பின் எலக்ட்ரான் ஆற்றல் மட்டம் கீழிறங்கி, அதில் எலக்ட்ரான் வந்து சேரும்போது வெளிப்படும் ஆற்றல் மிகுகிறது. வேதியியல் பாடநூல்களில் கரிமச் சேர்மங்களுக்குச் சொல்லப்படும் தூண்டல் விளைவு இங்கே ஒரு திண்மத்தின் மின்னழுத்தத்தையே நிர்ணயிக்கிறது. இன்ன மின்னழுத்தம் வேண்டுமென்றால் இன்ன பல்லணு அயனியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தாளில் கணக்கிட்டுவிட்டு உலைக்குச் செல்லும் நிலையை இது உருவாக்கியது.

இந்த வழியில் மேலும் நடந்து, 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை நேர்முனைப் பொருளாக உலகுக்கு அறிமுகப்படுத்தினர். ஆலிவின் என்னும் கனிமத்தின் படிக அமைப்பை உடைய இச்சேர்மத்தின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர்-மணி. மின்னழுத்தம் ஏறத்தாழ 3.4 வோல்ட். பாஸ்பரஸ் ஆக்சிஜனை உறுதியாகப் பற்றியிருப்பதால், கோபால்ட் ஆக்சைடு மிகுந்த வெப்பத்தில் ஆக்சிஜனை வெளியேற்றித் தீயை வளர்ப்பதுபோல இது எளிதில் செய்வதில்லை. ஆயினும் தொடக்கத்தில் இதனை நம்பியவர் சிலரே. இது மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தியது. லித்தியம் செல்லும் வழியோ ஒற்றையடிப் பாதைபோல் ஒரே திசையில் அமைந்த குறுகிய தடம். முதல் ஆய்வில் பத்தில் ஆறு பங்கு லித்தியமே வெளியே வந்தது. 1999-இல் மிஷேல் அர்மான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் துகள்களின் மேல் மெல்லிய கரிப் பூச்சு கொடுத்து எலக்ட்ரான்களுக்கு வழி அமைத்தனர். துகள்களை நுண்ணளவுக்குச் சிறிதாக்கியதால் அயனிகள் கடக்க வேண்டிய தொலைவும் சுருங்கியது. ஒதுக்கத்தக்கதாகத் தோன்றிய அந்தப் பொடியே இன்று மின்சாரப் பேருந்துகளையும் ஏராளமான கார்களையும் ஓட்டுகிறது.

இனிச் சோடியத்துக்கு வருவோம். லித்தியம் இவ்வளவு சிறப்பாகப் பணியாற்றும்போது சோடியத்தைத் தேடுவது ஏன்? பூமியின் மேலோட்டில் லித்தியம் லட்சத்தில் இரண்டு பங்கு அளவே உள்ளது. சோடியமோ நூற்றில் இரண்டு பங்குக்கு மேல். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 10.8 கிராம் சோடியம் கரைந்திருக்க, லித்தியம் ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. லித்தியம் ஆஸ்திரேலியப் பாறைகளிலும் சிலி நாட்டின் அட்டகாமா உப்புப் பாலைவனத்திலும் செறிந்திருக்கிறது. கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ என்னும் ஒரே நாட்டின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. சீனச் சந்தையில் லித்தியம் கார்பனேட்டின் விலை 2022-இன் இறுதியில் டன்னுக்கு 6 லட்சம் யுவானை ஒட்டி ஏறியதும், அடுத்த ஓராண்டுக்குள் அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்ததும், ஒரே மூலப்பொருளை நம்பிய தொழில் எவ்வளவு ஆட்டங்காணும் என்பதைக் காட்டின. விலை ஏறியபோது சோடியத்தைத் தேடி ஓடியவர்களுள் பலர், விலை இறங்கியதும் திரும்பிவிட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோடியத்தின் நியாயம் லித்தியத்தின் விலைப்பட்டியலைச் சார்ந்து நிற்கக் கூடாது; அதன் வேதியியலிலேயே நியாயம் இருக்க வேண்டும்.

அப்படி ஒரு நியாயம் இருக்கிறதா? முதற்பார்வைக்கு எல்லாமே சோடியத்துக்கு எதிராக நிற்கின்றன. அதன் அணு நிறை 23. லித்தியத்துக்கு ஏறத்தாழ 7. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஆங்ஸ்ட்ராம் அளவில் சொன்னால், லித்தியம் அயனியின் ஆரம் 0.76, சோடியம் அயனியின் ஆரம் 1.02. மின்னழுத்தத்திலும் ஏறத்தாழ 0.3 வோல்ட் இழப்பு. இந்த எண்களைப் பார்த்து, சோடியம் என்பது பருத்து மெதுவாக நடக்கும் லித்தியம் என்று முடிவு கட்டுவோர் உண்டு. அந்த முடிவு பிழை. விருந்தினரின் எடையைவிட வீட்டின் எடை பன்மடங்கு பெரிது என்பதால், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் கொள்ளளவு 170 என்றால், அதே இடத்தில் சோடியத்தை வைத்துக் கணக்கிட்டாலும் 154 கிடைக்கிறது. இழப்பு பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

ஆனால், அதே எடுத்துக்காட்டு வேறோர் உண்மையையும் உணர்த்துகிறது. லித்தியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை இட்டு உலையில் சுட்டால் ஆலிவின் கிடைப்பதில்லை. மாரிசைட் என்னும் வேறொரு படிகம் கிடைக்கிறது. வேதி வாய்பாடு ஒன்றே, ஆனால் அதனுள் அயனிகள் நடமாடும் தடங்கள் அடைபட்டுப் போகின்றன. லித்தியத்துக்குக் கட்டிய வீட்டின் பெயர்ப்பலகையை மாற்றிச் சோடியத்தைக் குடியேற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எதிர்முனையில் இந்தப் பாடம் இன்னும் கடுமையானது. லித்தியம் மின்கலங்களின் எதிர்முனை கிராஃபைட். ஆறு கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்னும் கணக்கில் அதன் கொள்ளளவு கிராமுக்கு 372. அதே கிராஃபைட்டில், வழக்கமான மின்பகுளியை வைத்துக்கொண்டு சோடியத்தைச் செலுத்தினால் ஏறத்தாழ ஒன்றுமே நுழைவதில்லை. சோடியம் பெரிதாக இருப்பதால் நுழையவில்லை என்று பல நூல்கள் எழுதிவிடுகின்றன. அப்படியானால் சோடியத்தைவிடப் பெரிய பொட்டாசியம் எப்படி நுழைகிறது? பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.38 ஆங்ஸ்ட்ராம், அது கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நன்றாகவே சென்று தங்குகிறது. ருபீடியமும் சீசியமும்கூட நுழைகின்றன. கார உலோகங்களின் வரிசையில் சோடியம் மட்டுமே வாசலில் நிறுத்தப்படுகிறது. கார்பனோடு சோடியம் கொள்ளும் பிணைப்பு, அடுக்குகளை விரித்துப் பிரிப்பதற்குச் செலவாகும் ஆற்றலை ஈடுகட்டும் அளவுக்கு வலுவாக இல்லை என்பதே காரணம். அளவைக் குறை சொல்லும் எளிய விளக்கத்தில் நிறைவடைந்துவிடுவது ஆய்வாளருக்கு அழகன்று. 2014-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஈதர் வகைக் கரைப்பானைப் பயன்படுத்தியபோது, அந்தக் கரைப்பான் மூலக்கூறுகள் புடைசூழச் சோடியம் அதே கிராஃபைட்டுக்குள் நுழைந்துவிட்டது. தனியாக வந்தபோது மறுக்கப்பட்டவர், துணையோடு வந்தபோது ஏற்கப்பட்டார். கொள்ளளவு சிறிதே எனினும் நிகழ்வு வியப்புக்குரியது.

கிராஃபைட் கைவிட்ட சோடியத்துக்கு இடங்கொடுத்தது எது? அதன் கதை மின்கலத்தோடு தொடர்பில்லாத ஓர் ஆய்விலிருந்து தொடங்குகிறது. டி.என்.ஏ.யின் அமைப்பை வெளிப்படுத்திய எக்ஸ் கதிர்ப் படத்தோடு தம் பெயரை இணைத்துக்கொண்ட ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அதற்கு முன்பு பாரிசில் கரிகளை ஆராய்ந்தார். கரிகளை 3000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் எல்லாம் கிராஃபைட் ஆகிவிடுவதில்லை; சில கரிகள் ஒழுங்கான அடுக்குகளாகப் படிகின்றன; வேறு சில, அடுக்குகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து இறுகிவிட்டதால், எவ்வளவு சூடேற்றினாலும் ஒழுங்குக்கு வருவதில்லை. கிராஃபைட் ஆகும் கரி, ஆகாத கரி என்னும் இந்தப் பாகுபாட்டை அவர் 1951-இல் வெளியிட்டார். ஒழுங்குக்கு வர மறுக்கும் அந்த இரண்டாம் வகையே கடினக் கரி எனப்படுகிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 2000-ஆம் ஆண்டில், கனடாவின் டால்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்சும் ஜெஃப் டானும் சாதாரணக் குளுக்கோஸ் சர்க்கரையைக் காற்றில்லாமல் சுட்டுக் கடினக் கரியாக்கி, அதில் சோடியம் கிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆம்பியர்-மணி அளவுக்குத் தங்குவதைக் காட்டினர். சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல் கிடக்கும் அடுக்குகளின் இடைவெளிகளிலும், அவற்றுக்கு நடுவே அடைபட்ட நுண்ணறைகளிலும் சோடியம் இடம் பிடிப்பதாக அவர்கள் விளக்கினர். எந்தக் கட்டத்தில் எந்த இடம் நிரம்புகிறது என்பது குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒழுங்கின்மையே தகுதியாக அமைந்த அரிய பொருள் இது. கரும்புச் சர்க்கரை, மரத்தூள், தேங்காய்ச் சிரட்டை என எத்தனையோ தாவரப் பொருள்களிலிருந்து இதனைத் தயாரிக்கலாம். ஜப்பானில் தாவர மூலத்திலிருந்து செய்த கடினக் கரி வணிக அளவிலேயே விற்பனையாகிறது. பொள்ளாச்சியில் குவியும் சிரட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தியின் பொருள் தானே விளங்கும். ஆயினும் சிரட்டையைச் சுட்டதும் மின்முனை கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். சிரட்டையில் உள்ள பொட்டாசியம் முதலிய தாதுக்களை நீக்க வேண்டும். சுடும் வெப்பம் சிறிது மாறினாலும் நுண்ணறைகளின் அளவு மாறிவிடுகிறது. முதல் மின்னேற்றத்திலேயே சோடியத்தின் ஒரு பகுதி மேற்பரப்புப் படலமாக உறைந்து திரும்பாமல் போய்விடுகிறது, அந்த இழப்பு கிராஃபைட்டைவிடக் கடினக் கரியில் மிகுதி. சோடியம் தங்கும் மின்னழுத்தம் உலோகச் சோடியம் படியும் மின்னழுத்தத்துக்கு மிக அருகில் இருப்பதால், அவசரமாக மின்னேற்றினால் உலோகம் படிந்துவிடும் அபாயமும் உண்டு.

நேர்முனைக்கு வந்தால் சோடியத்தின் நியாயம் முழுமையாக வெளிப்படுகிறது. லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் அடுக்கு அமைப்புக்குப் படிகவியலார் இட்ட பெயர் என்ன? ஆல்ஃபா சோடியம் இரும்பு ஆக்சைடு வகை. உலகத்தின் கைப்பேசிகளை இயக்கிய லித்தியத்தின் வீடே சோடியமும் இரும்பும் குடியிருந்த வீட்டின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது! லித்தியத்தோடு இரும்பை இந்த அடுக்கு வீட்டில் குடிவைத்தால், இரண்டின் அயனிகளும் அளவில் நெருங்கியிருப்பதால் இரும்பு தன் அடுக்கை விட்டு லித்தியத்தின் அடுக்குக்குள் புகுந்து வழியை அடைத்துவிடுகிறது. சோடியமோ இரும்பைவிட மிகப் பெரியது. ஆகவே இருவரும் அவரவர் அடுக்கில் இருக்கின்றனர். சோடியத்தின் பருமன் குறையாகப் பேசப்பட்டதல்லவா? இங்கே அதே பருமன் கோபால்ட்டைத் தள்ளிவிட்டு இரும்பை உள்ளே கொண்டுவருகிறது. 2012-இல் ஜப்பானின் யாபூச்சி, கொமாபா குழுவினர் சோடியம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றை மட்டும் கொண்ட அடுக்கு ஆக்சைடிலிருந்து கிராமுக்கு 190 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டிய கொள்ளளவைப் பெற்றனர். கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை, லித்தியமும் இல்லை.

இந்த அடுக்கு ஆக்சைடுகளைப் பிரெஞ்சு வேதியியலார் கிளாட் டெல்மாஸ் 1980-இல் வகைப்படுத்தியபோது, சோடியம் எண்முக வடிவ அறையில் இருந்தால் ஓ என்றும், பட்டக வடிவ அறையில் இருந்தால் பி என்றும் குறித்து, அமைப்பு மீண்டும் தொடங்க எத்தனை அடுக்குகள் வேண்டும் என்பதைப் பக்கத்தில் எண்ணாக எழுதினார். பி2 வகையின் வாசல்கள் அகலமானவை. ஆனால் அது பிறக்கும்போதே மூன்றில் இரண்டு பங்கு சோடியத்தோடுதான் பிறக்கிறது. ஓ3 வகை நிறைந்த சோடியத்தோடு பிறக்கிறது; ஆனால் சோடியம் வெளியேற வெளியேற அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஓ3 பி3 ஆகிப் பலமுறை உருமாறுகிறது. அளவுக்கு மிஞ்சிச் சோடியத்தை வெளியேற்றினால் அங்கும் இரும்பு இடம்பெயரத் தொடங்குகிறது. இரண்டின் நன்மையையும் ஒரே துகளில் சேர்க்கும் முயற்சியே இன்றைய ஆய்வின் பெரும்பகுதி. இன்னொரு தொல்லையும் உண்டு. இப்பொடிகள் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பற்றிக்கொண்டு மேற்பரப்பில் சோடியம் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் ஆகிவிடுகின்றன. மின்முனை செய்யக் கரைத்த குழம்பு கூழ்போல் கட்டிவிடுகிறது. சென்னையின் கடற்காற்றில் இப்பொடியைத் திறந்து வைப்பது அதனை இழப்பதற்கு ஒப்பாகும்.

அடுக்கு ஆக்சைடுகளுக்குப் போட்டியாக நிற்பவை இரண்டு. ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்ய நீலம் என்னும் ஓவியச் சாயத்தின் குடும்பம். இரும்பும் சயனைடும் கோத்த கூண்டுகள் விசாலமாக இருப்பதால் சோடியம் தாராளமாக வந்து போகிறது. சாதாரண வெப்பநிலையில் நீரிலேயே இதனைத் தயாரிக்கலாம். ஆனால் அந்த நீரே கூண்டுக்குள் தங்கி, சோடியத்தின் இடத்தைப் பறித்துக்கொண்டு, பின்னர் மின்கலத்தையும் கெடுக்கிறது. சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் 2021-இல் அறிவித்த முதல் தலைமுறைச் சோடியம் மின்கலம் இந்தக் குடும்பத்தின் வெள்ளை நிற உறுப்பினரையும் கடினக் கரியையும் கொண்டிருந்தது. அதன் ஆற்றல் அடர்த்தி கிலோவுக்கு 160 வாட்-மணி எனப்பட்டது. மற்றொன்று சோடியம் வனேடியம் பாஸ்பேட். மந்திரமும் குட்இனஃபும் விளக்கிய அதே பல்லணு அயனித் தத்துவம் இங்கே சோடியத்துக்குப் பணிபுரிகிறது, 3.4 வோல்ட் மின்னழுத்தமும், பல்லாயிரம் சுழற்சிகளைத் தாங்கும் சட்டகமும் இதன் சிறப்பு. கிராமுக்கு 117 என்னும் கொள்ளளவும் வனேடியத்தின் விலையும் இதன் குறை.

சோடியத்துக்கு வாய்த்த இன்னொரு நன்மை மின்முனைப் பொடியில் இல்லை, அது பூசப்படும் தகட்டில் இருக்கிறது. எதிர்முனையின் தாழ்ந்த மின்னழுத்தத்தில் லித்தியம் அலுமினியத்தோடு கலந்து உலோகக் கலவையாகிவிடுவதால் அங்கே செம்புத் தகடு தேவைப்படுகிறது. சோடியம் அலுமினியத்தோடு கலப்பதில்லை. ஆகவே இரு புறமும் எடையும் விலையும் குறைந்த அலுமினியமே போதும். செம்பு கரைந்துவிடும் அச்சம் இல்லாததால், மின்கலத்தை முழுவதும் வெறுமையாக்கி, சுழிய வோல்ட்டில், தீ அபாயம் குறைந்த நிலையில் அனுப்பவும் முடிகிறது.

இனி, இந்த ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் காண வேண்டும். பொடியையும் கடத்தும் கரியையும் பிணைப்பானையும் கரைப்பானில் குழைத்து, தகட்டின்மேல் தலைமுடியின் தடிப்பளவே பூசி, உலர்த்தி, உருளையில் அழுத்தி, வட்டமாக வெட்டி, ஆர்கான் வாயு நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள், நாணயம் போன்ற சிறு மின்கலமாக ஆய்வாளர் அடைக்கிறார். அந்த நாணயத்தின் குறுக்களவு 20 மில்லிமீட்டர். அதன் மறுபுறத்தில் பெரும்பாலும் உலோகச் சோடியமே வைக்கப்படுகிறது. இத்தகைய அரைமின்கலத்தில் சோடியம் எல்லையற்றுக் கிடைப்பதால், ஒவ்வொரு சுழற்சியிலும் ஏற்படும் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிரப்பப்பட்டுவிடுகிறது. உண்மையான முழு மின்கலத்தில் அந்தச் சலுகை கிடையாது. போன அயனிகளில் நூற்றுக்கு 99.9 திரும்பி வருகின்றன என்றால் மகிழத் தோன்றும். ஆனால் அதே விகிதத்தில் ஆயிரம் சுழற்சிகள் நடந்தால் மிஞ்சுவது எவ்வளவு? நூற்றுக்கு 37. அதுவே 99.99 ஆக உயர்ந்தால் ஆயிரம் சுழற்சிக்குப் பின்னும் 90 மிஞ்சும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஒற்றை ஒன்பதுக்காகவே ஓர் ஆய்வாளரின் இளமைக்காலம் செலவாகிறது என்றால் அது மிகையன்று.

இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இத்துறை புதிதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். லித்தியம் அயனி மின்கலம் சந்தைக்கு வருவதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பே மின்வேதியியலுக்கென்று ஒரு தனி ஆய்வகம் செட்டிநாட்டுச் செம்மண்ணில் எழுந்துவிட்டது. அண்மையில், பிரிட்டனில் 2011-இல் தொடங்கப்பட்ட ஃபாரடியன் என்னும் சோடியம் மின்கல நிறுவனத்தை ரிலையன்ஸ் வாங்கியது. உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தூத்துக்குடியின் உப்பளங்களைக் காட்டி, மூலப்பொருள் கொட்டிக் கிடக்கிறதே என்று மேடைகளில் பேசப்படுவதும் உண்டு. ஆனால் உப்பு எல்லா நாட்டுக் கடலிலும் இருக்கிறது. உப்பிலிருந்து சோடியம் கார்பனேட்டையும், அதிலிருந்து ஈரம் படாத, ஆயிரம் சுழற்சிக்கும் விரிசல் விடாத மின்முனைப் பொடியையும் டன் கணக்கில் ஒரே தரத்தில் செய்யத் தெரிந்த நாட்டுக்கே அந்த உப்பால் பயன் உண்டு. அந்த அறிவு நிலத்தில் தோண்டி எடுப்பதன்று.

ஆகவே இவ்வவையில் அமர்ந்திருக்கும் வேதியியல், இயற்பியல், பொருளறிவியல் மாணவர்களை நோக்கி ஒரு வேண்டுகோள். நாளை ஒரு புதிய மின்முனைப் பொருளை உருவாக்கும்போது அதனை உலோகச் சோடியத்துக்கு எதிரே வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கடினக் கரியோடு இணைத்து முழு மின்கலமாகச் சோதித்துப் பாருங்கள். குளிரூட்டிய அறையின் 25 டிகிரியில் மட்டுமின்றி, சித்திரை வெயிலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும் வெப்பத்திலும் சோதித்துப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரையின் முதல் வரியில் முதல் சுழற்சியின் கொள்ளளவை எழுதும்போது, அதன் பக்கத்திலேயே ஆயிரமாவது சுழற்சியின் கொள்ளளவையும், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும், எழுதுங்கள்.